பின்பக்கத்துக் கையெழுத்து

சான்றிதழில் கையெழுத்து இருந்தது. ஜெராக்ஸ் அக்கா அதை விரலால் தடவிக்கூடப் பார்த்துவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை காலை கணினித் திரையில் தேர்வு வாரியம் காட்டிய வரி இப்படி இருந்தது: “கையெழுத்தில்லாத சான்றிதழ். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.”

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. தேர்வு வருகிற ஞாயிறு. வயது வரம்பு முப்பத்தைந்து. அக்காவுக்கு இரண்டு மாதத்தில் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அடுத்தது கிடையாது.

கடையின் ஒரு பாதியில் அவளுடைய கணினியும் ஜெராக்ஸ் இயந்திரமும் ஸ்கேனரும். மறு பாதியில் அவள் கணவரின் தையல் மெஷின். அவர் காலை மிதியிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

“ஊருக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டுக் குடுத்துட்டு உன்னோடதைக் கோட்டை விட்டுட்டியே.”

“நீங்க மட்டும் உங்க சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டீங்களாக்கும்?”

அவர் குனிந்து பார்த்தார். இரண்டாவது பட்டனைக் காணோம். தையல் சத்தம் மறுபடி தொடங்கியது.

அக்கா தான் அனுப்பிய கோப்பைத் திறந்தாள். ஒரே ஒரு பக்கம். அவள் படித்த பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: முன்பக்கம் முழுக்க மதிப்பெண் அட்டவணை, பின்பக்கத்தில் அடியோரமாகச் சின்னக் கையெழுத்தும் மங்கலான முத்திரையும். அந்தப் பின்பக்கம்தான் கோப்பில் இல்லை. ஆனால் அவளுடைய ஸ்கேனர், தாளைச் செருகினால் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் படம் பிடிப்பது. மேசையில் கிடந்த ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தத்தைச் செருகிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வந்தன. சான்றிதழைச் செருகினாள். ஒரு பக்கம்தான் வந்தது. திருப்பிப் போட்டாள். அப்போதும் ஒன்றுதான்.

“என்கிட்ட மட்டும் என்ன கோபம் இதுக்கு?” என்று ஸ்கேனரை ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த நேரத்தில் பக்கத்துத் தெரு வக்கீல் கையில் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தாள். அக்காவைவிட நாலைந்து வயது சின்னவள். எப்போதும் ஓட்டமும் நடையும்தான்.

“அக்கா, போன வாரம் ஸ்கேன் பண்ணிக் குடுத்தீங்களே, நடுவுல நான் வெச்சிருந்த வெள்ளைத் தாள் ஒண்ணுகூட அதுல இல்ல. நல்லதாப் போச்சு, ஃபைல் சின்னதாயிடுச்சு.”

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளே செய்த வேலை அது. விண்ணப்பத் தளங்கள் பெரிய கோப்புகளை ஏற்பதில்லை. அதனால் ஸ்கேனரின் அமைப்புகளில் ‘வெற்றுப் பக்கங்களைத் தவிர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு வைத்தாள். ஸ்கேனருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் எவ்வளவு மை இருக்கிறது என்று அளக்க மட்டும் தெரியும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது வெற்றுத் தாள் என்று முடிவு செய்து தூக்கிப் போட்டுவிடும். வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கம் முழுக்க எழுத்து; தப்பியது. அவளுடைய சான்றிதழின் பின்பக்கத்தில் இருந்த மை அந்த அளவை எட்டவில்லை.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி செருகினாள். இரண்டு பக்கம்.

“நம்ம மெஷின்தான் முழுங்கியிருக்கு” என்றாள். குரல் இறங்கிவிட்டது. நடந்ததை வக்கீலிடம் சொன்னாள்.

“வாரியத்துக் கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சுன்னு எழுதிடுங்க” என்றார் தையல்காரர்.

“அண்ணே, அப்படி எழுதினா அதைக் காப்பாத்த இன்னும் நூறு பக்கம் எழுதணும். ஜெராக்ஸுக்கு உங்க கடைக்கேதான் வரணும்.” வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உண்மையே நமக்கு சாதகம்க்கா. தகுதி இல்லாம இருக்கிறது வேற, இருக்கிற தகுதியைக் காட்டாம விட்டது வேற. முதலாவதுக்குக் கோர்ட்டால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவதைச் சரிபண்ணலாம். சர்டிஃபிகேட் கடைசித் தேதிக்கு முன்னாடியே வாங்கினதுதானே?”

“பத்து வருஷம் ஆச்சு.”

“அறிவிக்கையை எடுங்க.”

அந்த அறிவிக்கையை அக்கா எத்தனையோ பேருக்கு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறாள். பதினாலாவது பத்தியை யாரும் படித்ததில்லை, அவள் உட்பட. ஆவணத்தில் குறை இருந்தால் விண்ணப்பதாரருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஏழு நாள் தரப்படும் என்று அதில் இருந்தது.

“உங்களுக்குத் தெரிவிச்சாங்களா?”

“நேரா நிராகரிப்புதான்.”

“அப்போ அவங்க எழுதின விதியை அவங்களே தாண்டிட்டாங்க. இதுதான் நம்ம பிடி.”

“எல்லாம் சரிம்மா. கேஸ் முடிய எத்தனை நாளாகும்?”

“மாசக்கணக்குல ஆகும்.”

“பரீட்சை ஞாயித்துக்கிழமை. அப்புறமா ஜெயிச்சு என்ன பண்றது? கேள்வித்தாளை ஃபிரேம் போட்டு மாட்டிக்கவா?”

“அதுக்கும் வழி இருக்கு. முதல்ல வாரியத்துல கேட்போம். அவங்ககிட்ட கேட்டியான்னுதான் ஜட்ஜ் முதல்ல கேப்பாங்க.”

செவ்வாய்க்கிழமை அக்கா தேர்வு வாரிய அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். மனுவோடு சான்றிதழின் இரு பக்கப் பிரதியும் இருந்தது. சன்னலுக்குள் இருந்த குமாஸ்தா தலையை ஆட்டினார்.

“லிஸ்ட் முடிஞ்சுபோச்சும்மா. இனிமே யாரு நினைச்சாலும் நடக்காது.”

“பரவாயில்லை சார். மனு வாங்கினதா என் காப்பில ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க.”

அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முத்திரையை ஓங்கினார்.

“சார் சார்! முன்பக்கத்துல போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

புதன்கிழமை மாலை வரை பதில் இல்லை. அந்த முத்திரையும் பதிலில்லாத இரண்டு நாளும் வக்கீல் தயாரித்த வழக்கு மனுவில் சேர்ந்தன. பிரமாண வாக்குமூலத்தில்தான் அக்காவின் கை தயங்கியது. ‘என் கடையின் ஸ்கேனர் அமைப்பால் பின்பக்கம் விடுபட்டது’ என்று எழுத வேண்டும். நாளைக்கு யார் கடைக்கு வருவார்கள்? பிறகு கையெழுத்துப் போட்டாள், முன்பக்கத்தில். அதோடு நிற்கவில்லை. இரண்டு மாதக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இரண்டு பேருடையதில் பக்கம் குறைந்தது. நல்ல வேளை, அவர்களுக்குக் கடைசித் தேதி தாண்டவில்லை. போன் போட்டு வரச்சொல்லி, தப்பு தன்னுடையது என்று சொல்லி, திருத்தி அனுப்பினாள். ஒருவர் திட்டினார். இன்னொருவர் தம்பியையும் கூட்டிவந்து அவனுக்கும் ஒரு விண்ணப்பம் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் அவள் வழக்கு முப்பத்தோராவது. தையல்காரர் புதுச் சட்டையில் வந்திருந்தார், எல்லாப் பட்டனும் இருந்தன.

“ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா ஆயிரம் பேர் வந்து நிப்பாங்க” என்றார் வாரியத்தின் வக்கீல்.

“அந்த ஆயிரம் பேருக்கும் ஏழு நாள் குடுத்தீங்களா?” என்று கேட்டார் நீதிபதி.

நீதிபதி அசல் சான்றிதழைக் கேட்டார். முன்பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார். கண்ணாடியை மேலேற்றி அடியோரத்தைப் பார்த்தார்.

பத்து நிமிடத்தில் எல்லாரும் வெளியே இருந்தார்கள். வக்கீல் படியிலேயே உட்கார்ந்து உத்தரவைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, ஜெயிச்சாச்சா?” என்றார் தையல்காரர்.

“இன்னும் இல்லண்ணே. கேஸ் அது பாட்டுக்கு நடக்கும். ஆனா பரீட்சை அதுக்காகக் காத்திருக்காது இல்லையா, அதனால ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டாங்க.”

வழி இருக்கு என்று திங்கட்கிழமை அவள் சொன்னது இதைத்தான்; நீதிபதியும் அப்படியே உத்தரவிட்டிருந்தார். வாரியம் நாளை மாலைக்குள் அக்காவுக்கு நுழைவுச் சீட்டுத் தர வேண்டும். அவள் ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுதுவாள். விடைத்தாளைத் திருத்துவார்கள், மதிப்பெண்ணை மட்டும் உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். வாரியம் அசல் சான்றிதழைச் சரிபார்த்து, வழக்கில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தால் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை ஒரு பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கும்.