எரியாத தூண்

முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த 2004ஆம் வருடம். க்யூப் நசுக்கிப் பார்க்கும் நாளென்றால் சைட் இன்ஜினியர் ஹரிகிருஷ்ணனுக்குக் குஷிதான். கான்கிரீட் கட்டியை மெஷினில் வைத்து அழுத்துவார்கள். மகன் பரீட்சை எழுதுவதைப் பார்க்கும் தகப்பன் மாதிரி அவர் பக்கத்திலேயே நிற்பார். அன்றும் மெஷினின் முள் ஏறிக்கொண்டே போனது, கட்டி லேசில் உடையவில்லை.

செங்கல்பட்டுக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ரோகிணி அப்போதுதான் வந்து நின்றாள்.

"சார், இவ்ளோ ஸ்ட்ராங்கான கான்கிரீட் தீயில என்ன ஆகும்னு நாம இன்னும் சரியா பார்க்கல. உள்ள இருக்கிற ஈரம் ஆவியானா வெளிய வர வழியில்ல. வெடிக்கலாம். நாலு க்யூப் குடுத்தீங்கன்னா சூடு பண்ணிப் பார்த்துடுவேன்."

"கான்கிரீட் எங்கயாவது எரியுமாம்மா? நீங்க ஏதாவது எழுதி வெச்சா எங்க பேருதான் கெடும்."

சிரித்துக்கொண்டே, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கோவளத்து மொய்னுதீன் பக்கம் திரும்பினார். "நெருப்பே வந்தாலும் நீ தூணை ஒட்டி நின்னுக்கோ மொய்னுதீன். ஒண்ணும் ஆகாது."

சொன்னவருக்கு அது கேலிப் பேச்சு. கேட்டவருக்கு அது இன்ஜினியர் வாக்கு. ரோகிணி வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம், கீழ்த்தளத்தில் வைத்திருந்த பெயின்ட் டப்பாக்கள் பற்றிக்கொண்டன. எல்லோரும் வெளியே ஓடினார்கள். மொய்னுதீன் மட்டும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தூணை ஒட்டி நின்றார். தீ தூணின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தூணின் மேல்பரப்பு படபடவென்று வெடித்து, சில்லுகள் அவர் முகத்தில் தெறித்தன.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் மனைவி சைதூன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஓடினாங்களேப்பா, நீ ஏன் ஓடல?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"நீங்கதானே சார் சொன்னீங்கோ, தூணாண்ட நின்னா ஒண்ணும் ஆவாதுன்னு. அதான் நின்னுகினு இருந்தேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஹரிகிருஷ்ணனுக்கு. வராந்தாவுக்கு வந்து ரோகிணிக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எவ்ளோ க்யூப் வேணுமோ எடுத்துக்கோம்மா. வெடிச்சா வெடிச்சுதுன்னே எழுது, எங்க பேரையும் போட்டு எழுது. சோதிச்சுப் பார்க்காத எதையும் பத்திரம்னு சொல்ற உரிமை எந்த இன்ஜினியருக்கும் கிடையாது. 'எனக்குத் தெரியாது'ன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனும் ஓடியிருப்பாம்மா."