மொபெட் காவல்

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் விடிந்தும் விடியாததுமாக ஓர் ஊர்வலம் கிளம்பும். முன்னால் ஆக்சிலியா டீச்சர், சுடிதாரும் ஷூவுமாக ஓடுவார். பத்தடி பின்னால் அவர் வீட்டுக்காரர் அந்தோணி பிரகாஷ், குல்லாவும் மப்ளருமாக மொபெட்டில் ஊர்ந்துகொண்டு வருவார். மாடு ஓட்டிப் போகிறவன்கூட இதைவிடக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போவான்.

விஷயம் இதுதான். பொங்கல் லீவில் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலு பேர் சேர்வராயன் மலைமேல் நடந்தே ஏறுவதாகத் திட்டம். விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சர் சசிகலாதான் தலைவி. "மலை ஏறணும்னா மொதல்ல மூச்சு பழகணும். தெனமும் ஓடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக்சிலியா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் தோசை வார்க்கிறார். ஒரு தடவையாவது அதன் உச்சியில் நின்று தன் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை.

பிரகாஷ் கெட்டவர் இல்லை. கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். ஊர் என்ன சொல்லும் என்கிற கவலைதான் அவரைப் பிடித்த சனியன். ஆக்சிலியா ஓடிய முதல் நாளே டீக்கடைக்காரர் பச்சியப்பன், "என்னா பிரகாஷு, டீச்சரு தலைதெறிக்க ஓடுது, வூட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டுவிட்டார். பிரகாஷ் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது ஆக்ஸி. இனிமே நானும் கூட வரேன்" என்றார். "மலைக்கும் வருவேன். நான் வரலைன்னா நீயும் போவக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரிங்க. அப்ப நீங்களும் ஓடுங்க."

"நான் எதுக்கு ஓடணும்? காவலுக்குத்தானே வரேன்."

அந்தக் காவல் நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். தெருநாய்கள் ஆக்சிலியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மொபெட் சத்தம் கேட்டால்தான் கும்பலாகக் கிளம்பிப் பாயும். பிரகாஷ் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, "ஆக்ஸி! ஏ ஆக்ஸி!" என்று அலறுவார். அந்த அம்மா திரும்பி ஓடிவந்து நாய்களை அதட்டி விரட்டி, புருஷனைக் கரைசேர்த்துவிட்டு மறுபடி ஓடுவார். இப்படித் தினமும் இரட்டை ஓட்டம் ஓடியதில் அவருக்கு மூச்சு நன்றாகவே பழகிவிட்டது.

ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் ஆக்சிலியா ஓட்டத்தை விடவில்லை. பிரகாஷ் திரும்பும் வழியில் சுடச்சுடப் போண்டா தின்பதை விடவில்லை. ஆனாலும் மலைக்குத் தயாராகிவிட்டதாகவே அவர் நம்பினார். 'தெனமும் அவகூட நானுந்தானே போய்ட்டு வரேன்' என்பது அவர் கணக்கு.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு பள்ளி மைதானத்தில் சசிகலா ஒரு சோதனை வைத்தார். நிற்காமல் ஐந்து சுற்று ஓடுகிறவர்கள்தான் மலைக்கு வரலாம். ஆக்சிலியா சிரித்த முகமாக ஓடி முடித்தார். அடுத்து பிரகாஷ் புது ஷூவின் நாடாவை இறுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் சுற்று கம்பீரமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் வாய் பிளந்தது. மூன்றாவதில் கோல்போஸ்ட்டைக் கட்டிப் பிடித்து, "மாதாவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார், உங்களைக் கூட்டிட்டுப் போவ முடியாதுங்க" என்றார் சசிகலா.

மூச்சு போனாலும் வீராப்பு போகவில்லை. "அப்ப... ஆக்ஸியும்... வரமாட்டா."

ஆக்சிலியாவின் முகம் சுண்டிப்போனது. மழையிலும் பனியிலும் ஓடியதெல்லாம் வீண்தானா என்று நினைத்ததுமே கண்ணில் தண்ணீர் முட்டியது. இருந்தாலும் தன் பாட்டிலைத் திறந்து முதலில் கணவருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏங்க, இத்தினி நாள்ல ஒருத்தராச்சும் என்னைத் தப்பா ஒரு வார்த்த பேசினாங்களா?"

"இல்ல..."

"பச்சியப்பண்ணனே இப்ப 'வேகம் கூடிருச்சே டீச்சர்'னு கைகாட்டுறாரு. ஊரு எப்பவோ பழகிக்கிச்சுங்க. நீங்கதான் இன்னும் பழகலை. உங்களால முடியாததை நானும் செய்யக்கூடாதுன்னா, அதுக்குப் பேரு காவலாங்க?"

மூச்சு இருந்திருந்தால் பிரகாஷ் வாதம் பண்ணியிருப்பார். அது இல்லாததால் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யோசிக்க யோசிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. சுடிதார் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"சசிகலா டீச்சர்," என்றார் மெதுவாக, "அவ வருவா. நான் குறுக்க வரமாட்டேங்க."

பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் விடியற்காலையில் டீச்சர்களை ஏற்றிக்கொண்டு வேன் மலையடிவாரத்துக்குப் புறப்பட்டது. அது கண்ணுக்கு மறையும்வரை கைகாட்டிவிட்டு வந்த பிரகாஷைப் பச்சியப்பன் மடக்கினார்.

"என்னா பிரகாஷு, சம்சாரத்தைத் தனியா அனுப்பிட்டியே, பயமா இல்ல?"

"பயமாத்தாண்ணே இருக்குது" என்றார் பிரகாஷ். "ஆனா அது என்னோட பயம். அதை நாந்தான் சொமக்கணும், அவ தலைல ஏத்தக்கூடாது. பொம்பளைங்களுக்குக் காவல் இருக்கிறோம்னு சொல்லிக்கிட்டு நாம அவுங்களைக் கட்டித்தாண்ணே போடுறோம்."