தண்ணீர் குடித்த குரல்கள்

கொனாடுவின் தலைக்குள் ஒன்பது வருடம் குடியிருந்த மூன்று குரல்கள் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெளியே இறங்கி, அவளோடு ஒரே வேனில் குமாசி நகரில் அவள் வீடிருந்த பந்தாமா பேட்டைக்கு வந்து சேர்ந்தன. நடத்துனர் நாலு பேருக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கினான். அதற்கு முன் ஐந்து நாள், காலையும் மதியமும், ஆஸ்பத்திரி நர்ஸ் உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை அவள் நெற்றியிலும் காதுக்கு மேலும் கட்டி, குரல்களை விரட்ட இருபது நிமிடம் மெல்லிய மின்சாரம் விட்டிருந்தாள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, அவ்வளவுதான். கொனாடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையைக் கிணற்றில் போடச் சொல்லிக் குரல்கள் கேட்கின்றன என்று பயந்துபோய் இவளே வாய்விட்டுச் சொன்னதில், "தலைக்குள்ள இருக்கறது போனாத்தான் பொண்ணு வருவா" என்று நாத்தனார் நியார்கோ, இவள் மகள் துஃபியேவைத் தூக்கிப் போய் மூன்று வருடமாகிறது.

வாசலுக்கு வந்தவர்களுக்கு உட்கார இடமும் தண்ணீரும் கொடுத்து, அப்புறமே வந்த காரியம் கேட்பது அந்த ஊர் முறை. கொனாடுவின் அண்ணன், போவாது என்பவன், கைப்பழக்கத்தில் அதைச் செய்து தொலைத்தான். தண்ணீர் குடித்தவர்களை இனி எப்படித் துரத்துவது?

"ஏண்ணே, கூறு இருக்கா உனக்கு? இதுங்களுக்கா தண்ணி குடுத்த?"

"வாசலுக்கு வந்துட்டாங்களே தாயி" என்றவன், குரல்களை உட்காரவைத்த வாசல் பெஞ்சுப் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க, என்ன காரியமா வந்தீங்க?"

ஒன்பது வருடத்தில் அவற்றை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு ஆண்குரல்களும் தொண்டையைச் செருமின. கடைசியில் பெண்குரல், "காரியம்னு ஒண்ணும் இல்ல" என்றது. காரியமில்லாதவர்களை வீட்டுக்குள் விடுவதில்லை என்பதால் மூன்றும் பெஞ்சிலேயே தங்கின. தெருக்காரர்கள் அவற்றிடம் வசவு வாங்கிக்கொண்டே கடந்துபோகப் பழகினார்கள். மழைக்கு அண்ணன் பெஞ்சுக்கு மேலே தார்ப்பாய் கட்டினான்.

கொனாடுவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தலைக்குள் விழுந்த அமைதி அவளை உட்காரவிடவில்லை. தையல் மெஷினை ஓட்டுவாள், நிறுத்துவாள், சேவல் கூவினாலும் "அண்ணே, உனக்குக் கேட்டுச்சா?" என்பாள். அண்ணன் சந்தைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, தெருவிலிருந்து "அம்மா" என்று கேட்டது. கேட்டதா என்று விசாரிக்க ஆளில்லை. இப்படி எத்தனை 'அம்மா'வுக்கு ஓடி ஏமாந்திருக்கிறாள், பாவி! இன்னொரு தடவை தாங்காது. கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். மறுபடியும் "அம்மா".

"நாங்க இல்லடி" என்றது பெஞ்சிலிருந்த பெண்குரல், எரிச்சலோடு. "உன் பொண்ணுதான். போயேன்."

ஓடினாள். துஃபியே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டே, வளர்த்த முறைப்படி பெஞ்சில் இருந்தவர்களுக்கு வலப்பக்கமிருந்து வரிசையாக வணக்கம் சொன்னாள். மூன்றும் பதில் வணக்கம் சொன்னது, தலைக்குள் இருந்தது போன சேதி கேட்டு அவளைக் கூட்டிவந்த நியார்கோவுக்கும் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பெஞ்சையே பார்த்தாள். பிறகு குழந்தையின் துணிமூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.