நத்தைப் படம் பதிந்த நாட்கள்

அந்த நத்தையை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. மிர்லு என்று பெயர். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் மாலை ஆறரைக்குப் போகிற ஐந்து நிமிடக் கார்ட்டூன். நத்தைக்குட்டி வீட்டைவிட்டுப் புறப்படும். முட்டைக்கோவாத் தோட்டத்திலோ மழையிலோ வழி தவறும். கடைசியில் ஒரு வண்டு தாய் நத்தையிடம் போய், "அவன் சுகமாக இருக்கிறான்" என்று சொல்லும். படம் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான். முப்பத்தொரு வயது ஆம்பிளை நான், இதை ஒருநாள் விடாமல் பார்க்கவேண்டுமென்று என் தலையில் எழுதியிருந்தது.

எழுதியவன் மடுத்தீன். எண்பத்தாறாம் ஆண்டு லா சப்பலில், ரூ காய் என்ற தெருவுக்குப் பக்கத்தில், ஐந்தாம் மாடி அறையொன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மடுத்தீன் மன்னார்க்காரன். மகள் பேர்ளி பிறந்த நாற்பதாம் நாள் ஊரைவிட்டு வந்தவன். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவான். நான் விடியவே கம்பனிக் கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு மத்தியானம் திரும்பிவிடுகிறவன். ஆகவே, தமிழ்ப் படம் பார்க்கவென்று எல்லோரும் சேர்ந்து வாங்கிய வீடியோ டெக்கில் பேர்ளிக்காக நத்தையைப் பதிகிற உத்தியோகம் எனக்கு வாய்த்தது.

"வரதண்ணை, விளம்பரம் விழாமல் பாத்து அமத்துங்கோ. போனமுறை சவர்க்காரம் விழுந்திட்டுது."

"விழுந்தால் என்னடா? உன்ரை மகள் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறேல்லையோ?"

சிரிப்பான். கசற் நிறைந்ததும் கொழும்புக்குப் போகிற யாரையாவது பிடித்துக் கொடுத்துவிடுவான். ஊரில் பங்குச் சாமியார் வீட்டில்தான் டெக் இருந்தது. மனைவி இம்மாகுலேற் பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு போவாள். முதல் கசற் பார்த்த பிறகு அவள் எழுதியிருந்தாள்: நத்தை அப்பாவோடுதான் குடியிருக்கிறதென்று பேர்ளி நினைக்கிறாளாம். அப்பா அதற்குச் சோறு போடுகிறாரா என்று கேட்கச் சொன்னாளாம். அந்தக் கடிதத்தை எங்கள் எல்லோருக்கும் ஒருமுறை வாசித்தான். எனக்கு மட்டும் மூன்று முறை.

நான் பதிந்ததைக் காலையில் எழும்பி அவனும் போட்டுப் பார்ப்பான். வசனங்களைக் கூடவே சொல்லிப் பார்ப்பான். அவனுடைய பிரெஞ்சு முழுவதும் அந்த நத்தையிடம் படித்ததுதான். விசாவுக்கு வழியில்லாவிட்டாலும் கோவாத் தோட்டத்துக்கு வழி கேட்க அவனுக்குத் தெரியும்.

செய்தி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. கீழே இருந்த கடைக்குத்தான் எங்களுக்குத் தொலைபேசி வரும். மடுத்தீனைக் கேட்டு அழைப்பு என்றார்கள். அவன் வேலைக்குப் போயிருந்ததால் நான் இறங்கிப் போனேன். கொழும்பிலிருந்து இம்மாகுலேற்றின் தமையன் ரேமண்ட். ஆமியின் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டிருக்கிறார்கள். தாயும் மகளும் கிணற்றடியில் நின்றிருக்கிறார்கள். தாய்க்குக் காயமில்லை. பிள்ளை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. புதன்கிழமை அடக்கம் செய்துவிட்டார்கள். அவ்வளவில் தொடர்பு அறுந்துவிட்டது.

மேலே ஏறி வந்தபோது ஆறு இருபத்தெட்டு. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே டெக்கின் பதிவுப் பொத்தானை அமத்தினேன். நத்தை அன்றைக்குக் குடை தேடிப் போனது. நான் கட்டில் விளிம்பில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் உரியவனுக்கு உடனே சொல்வதில்லை. போக முடியாதவனுக்குச் சொல்லி என்ன பயன்? நாள் பார்த்து, அவனுக்கு வேலையில்லாத பொழுதில், சாப்பிட வைத்த பிறகு நீக்கிலாஸ் அண்ணை சொல்வார். அறையில் மூத்தவர் அவர். என் தகப்பனார் செத்ததையும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

"வாற செவ்வாய் விட்டு மற்றச் செவ்வாய் அவனுக்கு அகதி விசாரணை," என்றார் நீக்கிலாஸ் அண்ணை. "இப்ப சொன்னால் அவன் அங்கை போகான். போனாலும் வாய் திறவான். மூண்டு வருசமாக் காத்திருந்த கேஸ். முடிஞ்ச உடனை நான் சொல்லுறன்."

நாங்களும் ஓம் என்றோம். பழியை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நான் தப்ப மாட்டேன். நானும்தான் ஓம் என்றேன்.

பதியாமல் விட்டால் ஏனென்று கேட்பான். அதனால் அந்தப் பதினொரு நாளும் பதிந்தேன். ஒரு விளம்பரம்கூட விழவிடவில்லை. ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்து, "அண்ணை, இப்ப நல்லாய்க் கைபடிஞ்சிட்டுது உங்களுக்கு," என்று முதுகில் தட்டினான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீக்கிலாஸ் அண்ணை அவனுக்குப் பாடம் எடுத்தார்.

"ஹெலியாலை சுட்டு உன்ரை பிள்ளை செத்துப்போச்செண்டு சொல்லு. அப்பிடி ஏதும் சொன்னால்தான் எழுதுவாங்கள்."

மடுத்தீன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? ஒரு கடதாசிக்காக என்ரை பிள்ளையை நானே சாக்காட்டுறதோ? என்ரை வாயாலை வராது."

"சும்மா சொல்லுறதுதானேயடா. எல்லாரும் சொல்லுறாங்கள்."

"எல்லாரும் சொல்லட்டும். எனக்கு அவள் ஒண்டுதான்."

நீக்கிலாஸ் அண்ணை சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது அதைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு நின்றார். உண்மையைப் பொய் மாதிரியாவது அவனைக்கொண்டு சொல்ல வைத்துவிடலாமென்று பார்த்திருக்கிறார், பாவம்.

செவ்வாய்க்கிழமை மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். விசாரித்தவள் ஐம்பது வயதுப் பெண், நல்ல முகம். ஊர், வேலை, வந்த வழி எல்லாம் கேட்டாள். பிறகு, "மனைவி, மகளுக்கு ஏதாவது நேர்ந்ததா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் மடுத்தீன் கையைக் காட்டி என்னை மறித்தான். அவனுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாகப் பிரெஞ்சில் தானே சொன்னான்: "அவள் சுகமாக இருக்கிறாள்."

வண்டு தாய் நத்தையிடம் சொல்லுகிற வசனம். அந்தப் பெண்ணும் சிரித்து, நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டி, எழுதிக்கொண்டாள். அப்போதும் எனக்கு நேரமிருந்தது. அவள் பேனாவை வைக்கும்வரை இருந்தது. ஆனால் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அவன் பிள்ளை செத்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் அவனுக்கு வேலை இல்லை. சாப்பிட வைத்துவிட்டு நீக்கிலாஸ் அண்ணை சொன்னார். அவன் கத்தவில்லை. என்றைக்கு என்று கேட்டான். விரலை மடித்து நாட்களை எண்ணினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப இவ்வளவு நாளும் ஆருக்கு அண்ணை பதிஞ்சனீங்கள்?"

 

ஆறு கிழமைக்குப் பிறகு தீர்ப்புக் கடிதம் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். நான் வாசித்து, தமிழில் சொன்னேன். "மனுதாரரின் குடும்பத்துக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. மகள் பேர்ளி, வயது மூன்றரை, நலமாக இருப்பதாக அவரே தெரிவித்துள்ளார்."

நீக்கிலாஸ் அண்ணை எழும்பி நின்றார்.

"இது எங்கடை பிழை. நாங்கள்தான் திருத்தவேணும். அப்பீல் பண்ண ஒரு மாசம் இருக்கு. ரேமண்ட் இறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுத்து அனுப்பட்டும். அதோடை கேஸ் வெல்லும்."

மடுத்தீன் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அவள் பெயர் எங்கே இருக்கிறதென்று கேட்டான். காட்டினேன்.

"அப்பீல் வேண்டாம் அண்ணை."

"உனக்கென்ன விசரோ? பிடிச்சு அனுப்பிப்போடுவாங்களடா!"

"அனுப்பட்டும். ஊரிலை சாமியாரின்ரை புத்தகத்திலை அவள் செத்திட்டாள் எண்டு எழுதியாச்சு. இந்த ஒரு கடதாசியிலைதான் சுகமா இருக்கிறாள் எண்டு எழுதியிருக்கு. அதையும் வெட்டுங்கோ எண்டு நானே எழுதிக் குடுக்கவோ?"

நீக்கிலாஸ் அண்ணை ஒரு மாதம் முழுக்க அவனோடு மல்லுக்கட்டினார். நான் காலைப் பிடித்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். அவன் கையெழுத்து வைக்கவில்லை. கடைசி நாளும் போய்விட்டது.