கடன் தந்த ஒன்பது பேர்

வங்குரோத்து, கடன் கட்ட வழியில்லாமல் கைவிரிக்கிறது, என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். அவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டார். "கோட்டில ஒரு பெட்டிசம் போடலாமாம்" என்று மூன்று நாளாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"வங்குரோத்து எண்டு சொல்லுங்கோவன். வாய் ஒண்டும் நோகாது" என்றேன்.

என் கணவர் வலன்ரைன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கடை. தொண்ணூற்றாறாம் ஆண்டு எங்கள் தெரு லொட்ஜுகள் முழுக்க யாழ்ப்பாணத்துச் சனம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் காசு அனுப்புவார்கள் என்று காத்திருந்த சனம். காசு அனுப்பச் சொல்வதற்கும் கோல் எடுக்க வேண்டும், கோல் எடுக்கக் காசில்லை. இந்த மனிதர் கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டு ரிசீவரைக் கொடுத்தார். அழுதுகொண்டு கதைக்கிறவர்களிடம் நேரமாகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பிறகு ஒரே கிழமையில் ஆமியின் சுற்றிவளைப்பு இரண்டு நடந்தது. பாதிப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மீதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். கொப்பி மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

ரெலிபோன் பில் கட்ட வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டியைக் கட்ட இன்னோரிடத்தில் வாங்கினார். கடை போனது, என் நகை போனது, மோட்டார் சைக்கிள் போனது. எல்லாம் போன பிறகும் ஏழு இலட்சம் கடன் நின்றது.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு வயதான சிங்கள லோயர் அகப்பட்டார். நல்ல மனிதர், தமிழும் ஓரளவு கதைப்பார். இதுதான் கடைசிக் கதவு, இதற்குப் பிறகு ஒருவரும் உங்களுக்கு ஒரு சதமும் கடன் தரமாட்டார்கள் என்றார். ஆனால், வாசலில் வந்து கத்துகிறவர்களை நீதிமன்றம் நிறுத்தும் என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"லிஸ்ட் சரியா இருக்க வேணும். கடன் தந்த எல்லாரும். பேர், விலாசம், தொகை. ஒரு ஆளை ஒளிச்சாலும் நீதவான் மற்றதையும் நம்பமாட்டார். வேற ஒருத்தரும் இல்லைதானே?"

"இல்லை" என்றார் என் கணவர். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

நான் அன்றைக்கு வாய் திறந்திருக்க வேண்டும். பைறோஸா தாத்தாவிடம் எண்ணாயிரம் ரூபா வாங்கியிருந்தேன். தாத்தா என்றால் கிழவர் இல்லை. முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிராண்ட்பாஸிலிருந்து சேலை கொண்டுவந்து தவணைக்கு விற்கிறவள். மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாளில் வெள்ளைச் சட்டையும் கேக்கும் சாப்பாடும் இல்லாமல் என் சொந்தக்காரருக்கு முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியிலிருந்து அண்ணன் அனுப்பினது என்று அவரிடம் சொன்னேன். அந்த அப்பாவி, கடையிலிருந்து அண்ணனுக்குக் கோல் எடுத்து நன்றி சொன்னார். லைன் சரியில்லாததால் அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பினேன் என்று அன்றைக்குச் சிரித்தேன்.

வங்கிக் கடனும் ரெலிபோன் கடனும் ஒரு தாளில் லோயரிடம் இருந்தன. தனி ஆட்களின் பெயர்கள் இரண்டாவது தாளில், ஒன்பது பேர். விலாசத்தில் கதவிலக்கம் சரியாக இருக்க வேண்டும் என்று லோயர் சொன்னதால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் வெள்ளவத்தைக்குப் போனார். கடன் கொடுத்தவரின் கேற்றில் தட்டி உங்கள் இலக்கம் என்ன என்று கேட்கவா முடியும்? ஒழுங்கைக்குள் நின்று, ஒவ்வொரு மதிலாகப் பார்த்து எழுதியிருக்கிறார். குண்டு வெடிக்கிற கொழும்பில், தமிழன் ஒருவன், தமிழ் வீடுகளின் இலக்கங்களைத் தாளில் எழுதிக்கொண்டு நிற்கிறான். உலகத்தில் இப்படி ஒரு விசர் வேலையை என் புருஷனைத் தவிர யாரும் செய்திருக்கமாட்டார்கள். பத்தரை மணிக்கு ஆமி பிடித்துப் பொலிசில் கொடுத்தது.

நான் ஸ்ரேசனுக்குப் போனபோது தாள் இன்ஸ்பெக்டரின் மேசையில் இருந்தது.

"மே லிஸ்ட் எக மொகக்த?" என்றார். இது என்ன லிஸ்ட் என்று அவர் கேட்ட விதத்திலேயே பதிலும் அவரிடம் இருந்தது. ஒன்பது தமிழ்ப் பெயர்கள், விலாசங்கள், பக்கத்தில் தொகைகள். இயக்கத்துக்குக் காசு சேர்க்கிற பட்டியல் என்று முடிவு கட்டிவிட்டார்.

"கடன் லிஸ்ட், மஹத்தயா. அபி பங்கொலொத்" என்றேன்.

நாங்கள் வங்குரோத்து. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அந்தச் சொல்லை யன்னலைச் சாத்திவிட்டுக் கதைத்தவள் நான். அங்கே மர வாங்கிலில் இருந்த இருபது பேருக்குக் கேட்க, சிங்களத்தில், நாலு தரம் சொன்னேன். லோயரின் கடிதத்தையும் கொடுத்தேன். லோயர்மார் சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதுவார்கள் என்று அதை ஒதுக்கி வைத்தார். ஆனால் ஒன்று சொன்னார்: இந்த ஒன்பது பேரையும் விசாரிப்போம், கடன் கொடுத்தோம் என்று சொன்னால் உன் மனிதன் வீட்டுக்கு வரலாம்.

நான் சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஒன்பது பேரில் எங்கள் வாசலில் நின்று கத்தாதவர் ஒருவரும் இல்லை. பத்து ரூபாவைக்கூட மறக்காத சனம். விசாரித்தால் வட்டியோடு சேர்த்துச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குச் சோறும் சாப்பிட்டேன்.

முதலில் கனகசபாபதி வீட்டுக்குப் பொலிஸ் ஜீப் போனது. வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கிறவர், எங்களுக்கு இரண்டு இலட்சம் தந்தவர். அடுத்த நாள் நான் போய்க் கேற்றில் நின்றேன். அவர் கேற்றைத் திறக்கவில்லை, இடுக்கால்தான் கதைத்தார்.

"பிள்ளை, எனக்கு வீட்டில ரெண்டு பொடியள் நிக்கிறாங்கள். நான் காசு குடுத்தனான் எண்டு சொன்னா, எதுக்குக் குடுத்தனீ, அது எங்க போனது எண்டு கேப்பாங்கள். பேந்து என்ர பொடியளைக் கொண்டுபோவாங்கள்."

"கடனாத் தந்தது எண்டு சொல்லுங்கோ ஐயா. அதுதானே உண்மை."

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் தரேல்லை. அந்த ஆளை எனக்குத் தெரியாது எண்டு கைச்சாத்தும் வைச்சிட்டன்."

"அப்ப நாங்கள் எழுதித் தந்த புரோநோட்டு?"

"எரிச்சுப்போட்டன். நீர் எனக்கு ஒண்டும் தரத் தேவையில்லை. போம் பிள்ளை, இதில நிக்காதையும்."

ஒரு மாதத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் அவருடைய படத்தை அந்தோனியாருக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பேன். அன்றைக்கு அந்தக் கேற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குக் கடன் தந்தீர்கள், தந்தீர்கள் என்று அழுதேன்.

அதே ஒழுங்கையில் இரத்தினம்மா. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வட்டிக்கு வந்து நின்றவள், வேலைக்காரியை அனுப்பி வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னாள். உள்ளே அவளுடைய இருமல் கேட்டது. வத்தளையில் ஒஸ்வால்ட், என் சொந்தச் சின்னம்மாவின் மகன். அவனும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவர்களை நான் அன்றைக்குத் திட்டாத திட்டில்லை. யோசித்துப் பார்த்தால், என் வீட்டில் வளர்ந்த பையன் இருந்து, வாசலில் ஜீப் வந்து நின்றிருந்தால், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

ஐந்து நாளில் ஒன்பது கைச்சாத்து. தனி ஆட்களிடம் வாங்கிய கடன் முழுக்க, கோடும் நீதவானும் இல்லாமலே இல்லாமல் போனது. எங்களுக்கு ஒருவரும் ஒரு சதமும் கடன் தந்ததில்லை. அப்படியானால் அந்தத் தாளில் இருந்த தொகைகள் என்ன?

சனிக்கிழமை பைறோஸா தாத்தா தவணைக் காசுக்கு வந்தாள். வாசல் குந்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். கேட்டு முடிய, சேலை மூட்டையை என் வீட்டு மூலையில் வைத்தாள்.

"எழும்புங்கொ. நா வந்து அவங்களுக்குச் செல்றன்."

"தாத்தா, பொலிஸ்."

"நா சல்லி குடுத்தது உள்ளதுதானே. உள்ளதச் செல்ல என்னத்துக்குப் பயம்?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, இந்த வீட்டுக்கு நான் எண்ணாயிரம் கடன் கொடுத்திருக்கிறேன், இவர்கள் கடன்காரர்கள்தான், வேறு ஒன்றும் இல்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். தன் கொப்பியையும் விரித்துக் காட்டினாள். அந்த மனிதருக்கும் கொஞ்சம் மனம் இளகியது போலிருந்தது. வலன்ரைனைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து நாளில் அவருடைய கன்னம் வற்றியிருந்தது. சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பயப்படாதே என்று எனக்கு அவர் சொல்கிறார்.

இன்ஸ்பெக்டர் விரலை வைத்துப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பவும் பார்த்தார்.

"மே நம நெஹெ" என்றார். இந்தப் பெயர் இல்லை.

லிஸ்டில் இருக்கிறவர்கள் கடன் தரவில்லை என்கிறார்கள், கடன் தந்தேன் என்கிறவள் லிஸ்டில் இல்லை, நோனா, நான் எதை நம்புவது என்று கேட்டார். பிறகு வலன்ரைனைப் பார்த்து, இந்தப் பெண்ணிடம் நீ கடன் வாங்கினாயா என்றார்.

"இல்லை" என்றார். அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

நான் சொன்னேன். முதல் நன்மை, வெள்ளைச் சட்டை, கேக், அண்ணன் அனுப்பாத காசு, எல்லாவற்றையும் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். எனக்கே அது அந்த நிமிடத்தில் கட்டின பொய்யாகத்தான் கேட்டது. இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார்.

"அண்ணை அனுப்பினது எண்டு சொன்னனீர்" என்றார் என் கணவர். கோபத்தில் இல்லை, ஒரு கணக்கை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறவர் போலக் கேட்டார். எனக்குப் பதில் வரமுன் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாளில் தடுப்புக் கட்டளை போட்டு வேறிடத்துக்கு மாற்றினார்கள். எங்கே என்று ஒருவர் ஓரிடம் சொன்னார், மற்றவர் வேறிடம் சொன்னார். நான் இரண்டுக்கும் போனேன். இரண்டிலும் அந்தப் பெயர் இல்லை என்றார்கள்.

மனுதாரர் இல்லாமல் பெட்டிசம் போட முடியாது என்று லோயர் தாள்களைத் திருப்பித் தந்தார்.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது ஒஸ்வால்ட் வாசலில் நின்றான். ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தான். மகளைத் தூக்கிக் கொஞ்சினான். பிளேன்ரீ கொடுத்தேன். பாதி குடித்த பிறகு தொடங்கினான்.

"அக்கா, இப்ப பிரச்சினையெல்லாம் கொஞ்சம் அடங்கீட்டுதுதானே. அந்த அறுபதாயிரம்... எனக்கும் இறுக்கமா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எண்டாலும்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. மகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். பேனையைத் திறந்து, இரண்டையும் அவனுக்கு முன்னால் வைத்தேன்.

"தாறன் தம்பி. அறுபது இல்லை, ஒரு இலட்சம் தாறன். ஆரின்ர வீட்டுக் கக்கூஸ் கழுவியெண்டாலும் தாறன். வலன்ரைனுக்கு நான் கடன் குடுத்தனான் எண்டு இதில எழுதிக் கைச்சாத்து வை. ஒரு வரி காணும். நான் அதைப் பொலிசில கொண்டுபோய்க் காட்டுறன்."

அவன் தாளைப் பார்த்தான். பேனையைத் தொடவில்லை. மிச்சத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினான்.

"பிறகு வாறன் அக்கா."

அவன் பிறகு வரவில்லை. கடனைக் கேட்டும் வரவில்லை.