விழ வேண்டிய சுவிச்

திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தின் ஓரமாக இருந்த ஐஸ் தொழிற்சாலையில் கட்டி இறக்குகிறவள் இராசமலர். உப்புநீர்த் தொட்டியின் இரும்பு விளிம்பைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த இரண்டு வயர்மேன்களும் மோட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "குளிருக்குக் கை விறைக்கிறதைக் கரண்ட் எண்டு நினைக்கிறா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாகக் கிண்ணியாவிலிருந்து பஸ்மியா வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எப்ப அக்கா அடிக்கிறது?"

"பெரிய மோட்டர் ஓடக்குள்ள, தங்கச்சி. சப்பாத்து நனைஞ்சிட்டால் தோள் வரைக்கும் ஏறும்."

பஸ்மியா மோட்டரை ஓடவிட்டு மீட்டரை வைத்தாள். தொட்டிக்கும் ஈர நிலத்துக்கும் இடையில் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உடனே மெயினை நிறுத்தினாள். கட்டடத்தின் பின்னால் போய் ஏர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தாள். காய்ந்த மண்ணில் முழ நீளம்கூட இறங்கவில்லை. பாறையில் முட்டியதும் யாரோ மிச்சத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். கசிகிற மின்சாரத்துக்கு நிலத்துக்குள் போக வழியில்லை. வழி தேடி அது ஆட்களின் உடம்பில் ஏறியது.

கழுவுநீர் ஓடும் வாய்க்காலோரம் நிலம் எப்போதும் ஈரமாக இருந்தது. அங்கே மூன்று புது ஏர்த் கம்பிகளை அடிக்க பஸ்மியா சம்மட்டியைத் தானே தூக்கினாள். இரண்டாவது கம்பி பாறையில் முட்டியது. பிடுங்கி நான்கடி தள்ளி அடித்தாள். மூன்று கம்பிகளும் தலைவரை இறங்கின. அவற்றைத் தடித்த செப்புக் கம்பியால் பிணைத்து மெயின் பலகைக்குக் கொண்டுவந்தாள். தொட்டி, தண்ணீர்க் குழாய், கூரையின் இரும்புத் தூண் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டினாள். முன்பு ஆயிரம் ஓமைத் தாண்டிய ஏர்த்தின் தடை இப்போது ஒன்பதில் நின்றது.

மெயினைப் போட்டாள். பெரிய மோட்டர் உறுமியது. அடுத்த கணம், கசிவு கண்டால் மின்சாரத்தை அறுக்கும் ட்ரிப் சுவிச் 'டக்' என்று விழுந்து எல்லாம் நின்றது.

முதலாளி அபூதாஹிர் ஹாஜியார் ஓடிவந்தார். "நீங்க வர முந்தி ஒழுங்கா ஓடினதெல்லோ மகள்! பின்னேரம் பன்னிரண்டு போட் ஐசுக்கு வருது!"

பஸ்மியா விழுந்த சுவிச்சைப் பார்த்தாள். எங்கே பிழைவிட்டேன்? உடனே விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது.

"ஹாஜியார், இது ஆறு மாசத்துக்கு முந்தியே விழ வேண்டிய சுவிச். கசிவு போக இப்பதான் வழி கிடைச்சிருக்கு. அதுதான் பிடிபட்டிட்டு."

பெரிய மோட்டரின் இணைப்புப் பெட்டியைக் கழற்றினாள். உப்பு தின்ற வயரின் உறை வெடித்து, ஈரம் செம்பையும் பெட்டியையும் ஒன்றாக்கியிருந்தது. புது வயர் மாற்றினாள். மறுபடி மெயினைப் போட்டாள். சுவிச் விழவில்லை. மோட்டர் ஓடியது. தொட்டியில் மீட்டர் பூச்சியம் காட்டியது.

"இப்ப தொடுங்கோ அக்கா."

இராசமலர் கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, தொட்டி விளிம்பைப் பிடித்தாள். மற்றக் கையால் தண்ணீர்க் குழாயையும் பிடித்தாள். வேலையாட்கள் கிட்ட வந்து சுற்றி நின்றார்கள்.

"ஒண்டுமே இல்லை!" என்று கத்தினாள். "நான் பொய் சொல்லேல்லை. கேட்டீங்களோ எல்லாரும்?"

பெண்கள் ஐஸ் அச்சுகளில் தட்டி ஆரவாரித்தார்கள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இராசமலரிடம் போனார்.

"பிழை என்னில, பிள்ளை. உங்கட கதையை முதல் நாளே கேட்டிருக்கோணும்."

துறைமுகத்துக்குள் முதல் போட் ஹோர்ன் அடித்தபோது, சேறு அப்பிய கையோடு பஸ்மியா மெயின் பலகையின் கதவில் அளவுகளை எழுதி, அடியில் தன் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினாள்.