கஸ்பாரின் வலது கை

நான் சொன்ன புளுகுக்குக் கஸ்பார் தலையாட்டியபோதுதான் அவனுக்கு ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. துறைமுகத்தில் ஒருநாள் என் கிரேன் கொக்கியில் திமிங்கலம் மாட்டியது, வால் காசிமேட்டில் கிடக்கத் தலையை எண்ணூரில் இறக்கினேன் என்று வழக்கம்போல் எடுத்துவிட்டேன். அவன் மறுக்கவில்லை. "ஆமா மாமு, வால நான்தானே புட்ச்சிகினு இர்ந்தேன்" என்றான்.

வேலையிலிருந்த காலமெல்லாம் நான் கிரேன் மேலே, அவன் கப்பலோரம் கீழே. அத்தனை உயரத்துக்குக் குரல் ஏறாது. அவன் வலது கைதான் எனக்கு வேதவாக்கு. விரல் மேலே பார்த்துச் சுழன்றால் தூக்கு, கீழே பார்த்துச் சுழன்றால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. கல்யாணப் பந்தியில் நான் கதையை ஏற்றிக்கொண்டே போனால், எதிர்வரிசையில் அவன் விரல் கீழே சுழலும். திமிங்கலம் சுறாவாகும், சுறா வஞ்சிரமாகும், வஞ்சிரம் விரலளவு காரப்பொடி மீனாகும். உண்மை வந்ததும் முஷ்டி மூடும். உண்மை எதுவென்று எனக்கே அந்த முஷ்டியைப் பார்த்துத்தான் தெரியும்.

நரம்பு டாக்டரிடம் அவன் மனைவி சிலுவையம்மாளோடு நானும் போனேன். மறதி நோயாம். மூளைச் செல்களுக்கு நடுவே அமிலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகப் படிகிறதாம். ஒரு செல் சொல்வது பக்கத்துச் செல்லுக்கு எட்டாதாம். செல்லுக்கு உள்ளே டாவ் என்று இன்னொன்று. சரக்கு போகும் தண்டவாளத்தைப் பிடித்துவைத்திருக்கிற அது, கழன்று தன்னோடு தானே சிக்கிக்கொள்ளுமாம். சரக்கு நகராமல் செல் செத்துப்போகுமாம். எனக்குக் கண்ணெதிரே விரிந்துவிட்டது: பனி மூடிய துறைமுகம், கீழே ஒருவன் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், மேலே இருப்பவனுக்குத் தெரியவில்லை. பனி விலகுமா என்று கேட்டேன். செத்தது திரும்பாது, மிச்சத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சிலுவையம்மாள் முந்தானையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எத்த சொன்னாலும் ஆமான்றாருண்ணா. நான் உன் தங்கச்சியான்னு கேட்டேன், அதுக்கும் ஆமான்ட்டாரு. உன் புளுவுக்குத்தான் அந்தாளு எப்பவும் இல்லன்னுவாரு. ஒருதபா சொல்ல வையேன்."

எனக்கா சொல்லித்தர வேண்டும்? தினமும் சாயங்காலம் ராயபுரம் கடலோரக் கற்களில் அவனை உட்காரவைத்து அவிழ்த்துவிட்டேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பிடுங்கிச் சுருட்டுக் குடித்தேன். மூலக்கொத்தளம் கல்லறைகளுக்கு மேலே கப்பலைத் தூக்கிப்போனபோது படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்கள். ஊரே சிரித்தது. கஸ்பார் மட்டும் குழந்தைபோல் தலையாட்டினான்.

நேற்று சரக்கே தீர்ந்துவிட்டது. கடலுக்கு மேலே நிலா வழவழவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கொக்கியை நிலாவில் மாட்டி நான்தான் மேலே தூக்கினேன், நீதான் கீழே நின்றாய் என்றேன்.

அவன் தலையாட்டவில்லை. நிலாவைப் பார்த்தான். மடியிலிருந்து வலது கை எழுந்தது. விரல் கீழே பார்த்து, மெல்லச் சுழன்றது.

எனக்கா, நிலாவுக்கா, தெரியவில்லை. நான் இறக்க ஆரம்பித்தேன். நிலா இல்லடா, கப்பல் விளக்கு என்றேன். விரல் நிற்கவில்லை. கப்பல் விளக்குகூட இல்லை, படகு விளக்கு என்றேன். பீடி நெருப்பு என்றேன். தண்ணீரில் அந்த வெளிச்சம் ஆடி ஆடி எங்கள் காலடிக் கல் வரை வந்துவிட்டது. அவன் முஷ்டி இன்னும் மூடவில்லை.